சூழ்வோரும் சூழப்படுவோரும்: மனோன்மணீயத்தில் ஆலோசனை என்னும் பொருள்

பழந்தமிழ் நூலொன்றில் 'சூழ்ச்சி' என்னும் சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர் முதலில் செய்யவேண்டுவது தம் செவியை நம்பாதிருத்தல். இன்றைய தமிழில் இச்சொல் வஞ்சகத் திட்டத்தையே குறிக்கும். சூழ்ச்சி செய்தான் என்றால் தீங்கு செய்யத் திட்டமிட்டான் என்பதே பொருள். வேறு பொருள் கொள்வார் இலர். ஆனால் திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளில் சூழ்ச்சி என்பது ஒரு வினையைத் தொடங்குமுன் பலவாறு எண்ணிப் பார்த்தலைக் குறிக்கிறது. அவ்வெண்ணத்துக்கு எல்லை துணிவு பெறுதல் என்றும், துணிந்தபின் காலம் தாழ்த்துதல் தீது என்றும் அக்குறள் கூறும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விருவகைப் பொருள்களையும் ஒருங்கே தருகின்றது. ஒரு சொல் இழிபொருள் அடைதல் மொழியியலார்க்குப் புதியதன்று. 'நாற்றம்' பட்ட பாட்டை எல்லோரும் அறிவர். எனினும் நாற்றம் இழிந்தபோது 'மணம்' அவ்விடத்தை நிரப்பிற்று. சூழ்ச்சி இழிந்தபோது அதன் இடத்தை நிரப்ப வந்த சொற்கள் அவ்விடத்தை முழுமையாக நிரப்பினவா என்பதே ஐயம்.

இவ்வையத்தை ஒரு நாடகத்தின்மேல் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் அந்நாடகம். அதன் தமிழ் வாழ்த்துப் பகுதியைத் தமிழகம் முழுவதும் அறியும். நாடகத்தைப் படித்தவர் தொகை அதனினும் மிகக் குறைவு. படித்தோரும் பெரும்பாலும் அமைச்சன் குடிலனின் வஞ்சகத்தையே நாடகத்தின் அச்சாகக் கொண்டு, அவனை ஷேக்ஸ்பியரின் இயாகோவோடு ஒப்பிட்டு அமைவர். அவ்வொப்பீடு தவறன்று, ஆனால் நாடகம் எழுப்பும் வினாவை அது பாதியில் நிறுத்திவிடுகிறது. சீவகன் அறிவுரை கேளாமையால் கெட்டவன் அல்லன். நாடகம் முழுவதும் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கேட்டும் ஏன் கெட்டான் என்பதே வினா. அதற்கு விடை சூழ் என்னும் வினையின் இலக்கணத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

சூழ் என்னும் வினை

சூழ் என்பதன் அடிப்பொருள் சுற்றிவருதல், சுற்றி நிற்றல். ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் பார்த்து அமையாது அதனைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் காணுதல் என்னும் கருத்திலிருந்து ஆராய்தல் என்னும் பொருள் கிளைத்தது எனக் கொள்ளுதல் இயல்பு. பகைவனைச் சுற்றி வளைத்தலும் அவ்வடியிலிருந்தே வரும். ஆகவே நற்பொருள், தீப்பொருள் இரண்டும் வினையடியிலேயே உறைந்திருந்தன; பின்னது முன்னதைத் தள்ளிவிட்டது.

இம்மாற்றம் தமிழுக்கே உரியதன்று. கிரேக்கத்தில் பூலே என்பது ஆலோசனையும் ஆலோசனை அவையும் ஆகும். முன்னொட்டுச் சேர்ந்த எபிபூலே சதித்திட்டம் ஆகிவிடும். இலத்தீனில் ஒருவனைச் சுற்றி வருதல் என்னும் பொருளுடைய வினையே அவனை ஏமாற்றுதல் என்றும் பொருள்பட்டது. பழைய ஆங்கிலத்தில் 'ரேட்' என்பது அறிவுரை. 978 முதல் 1016 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, ஆண்ட எதல்ரெட் அரசனின் பெயருக்கே 'மேன்மையான அறிவுரை' என்று பொருள். அப்பெயரோடு விளையாடி, 'அறிவுரை இல்லாதவன்' அல்லது 'கெட்ட அறிவுரை பெற்றவன்' என்று பொருள்படும் அடைமொழியைப் பின்வந்தோர் சூட்டினர். அச்சொல் வழக்கொழிந்தபின் அவ்வடைமொழி ஒலியொத்த மற்றொரு சொல்லாகத் திரிந்து, 'ஆயத்தமில்லாதவன்' என்று படிக்கப்படலாயிற்று. ஓர் அரசன் யாரிடம் கேட்டான் என்ற குற்றச்சாட்டு, அவன் சோம்பியிருந்தான் என்ற குற்றச்சாட்டாக மாறிவிட்டது. சொல் மறைந்தால் அது சுமத்திய குற்றமும் இடம் மாறிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தமிழில் நிகழ்ந்தது இதனை ஒத்தது. ஆயினும் ஒரு கூறில் வேறானது. பழைய சூழ்தலுக்கு எழுவாய் பெரும்பாலும் முடிவெடுப்பவனே. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45ஆம் அதிகாரத்துக் குறளொன்றில் இவ்வினையடி மூன்று முறை வருகிறது. இருமுறை அது சூழ்வோராகிய அமைச்சரைக் குறிக்கும் பெயர். மூன்றாம் முறை அச்சூழ்வோரை ஆராய்ந்து தேர்ந்துகொள்ளும் அரசனுடைய வினை. அரசாட்சி சூழ்வோரைக் கண்ணாகக் கொண்டு நடத்தலின், அக்கண்ணைத் தேர்வதும் ஒரு சூழ்தலே என்பது கருத்து. ஒரே வினையை இருவர்க்கும் வைத்தமையால் ஆலோசனை என்பது ஒருவன் கொடுத்து மற்றவன் வாங்கும் பொருளாகாமல், இருவரும் செய்யும் ஒரு தொழிலாக நிற்கிறது. பிறமொழிகளில் இக்குறளைப் பெயர்ப்போர் முதலிரண்டுக்கு அமைச்சர் அல்லது அறிவுரையாளர் என்றும் மூன்றாவதற்கு ஆராய்தல் என்றும் வெவ்வேறு சொற்கள் இடுவது தவிர்க்க இயலாதது. பொருள் வந்துசேரும், ஆனால் அமைச்சன் செய்வதும் அரசன் செய்வதும் ஒரே செயல் என்னும் நுட்பம் வாராது.

அதிகாரத் தலைப்பும் இவ்வாறே. துணைக்கோடல் என்பதில் உள்ள கோடல், கொள் என்னும் அடியிற் பிறந்த தொழிற்பெயர். தமக்குத் துணையாகக் கொள்ளுதல். ஜி.யூ. போப் 1886இல் வெளியிட்ட பெயர்ப்பில் பெரியோர் உதவியை நாடுதல் எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். நாடுதலில் ஓர் இரப்பு இருக்கிறது. கோடலில் அது இல்லை. கொள்பவன் தகுதி அறிந்து கொள்கிறான். கொண்டபின் அதற்குப் பொறுப்பும் ஏற்கிறான்.

இரு மொழி வழங்கும் தெருவில்

சூழ்தலின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட சொல் ஆலோசனை. வடமொழியில் இதன் அடிப்பொருள் நோக்குதல், எண்ணிப் பார்த்தல். தமிழ்நாட்டு வழக்கில் இது 'சொல்லப்படும் யோசனை' என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. ஆலோசனை கூறுவர், வழங்குவர், கேட்பர். மலையாளத்திலோ இச்சொல் தன் பழம்பொருளை இழக்கவில்லை. அங்கு ஆலோசிக்குக என்பது தனியே இருந்து சிந்தித்தலையும் குறிக்கும்.

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகம் போன்ற பகுதிகளில், வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றியுள்ள வீடுகளில், தமிழும் மலையாளமும் ஒரே கூரையின்கீழ் வழங்குகின்றன. அங்கு 'ஆலோசிச்சுச் சொல்றேன்' என்று ஒருவர் கூறினால், அவர் பிறரைக் கலந்து வந்து சொல்வார் என்று சென்னைத் தமிழர் எதிர்பார்க்கக்கூடும். தாமே எண்ணிப் பார்த்துச் சொல்வார் என்று மலையாளம் பழகிய செவி கொள்ளும். பேச்சில் இதனால் கேடொன்றும் விளையாது. மலையாளப் புதினத்தைத் தமிழாக்கும்போது விளையும். கதைமாந்தர் ஒருவர் ஓரிரவு முழுவதும் ஆலோசித்துக் காலையில் வீட்டை விற்றார் என்றால், அம்முடிவுக்கு அவர் ஒருவரே பொறுப்பா, வேறு எவரேனும் உடன் இருந்தனரா என்பது கதையின் உயிர்நாடியாகலாம். ஆலோசித்தார் என்று அப்படியே எழுதிவிடும் பெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஒருவரை அவ்வறைக்குள் கொணர்ந்து அமர்த்திவிடுகிறார்.

மலையாளத்தில் ஆலோசனைக்கு மற்றும் ஒரு பொருளுண்டு. அது திருமணப் பேச்சு. ஒரு வீட்டுக்கு 'ஆலோசன' வந்திருக்கிறது என்றால் வரன் வந்திருக்கிறது என்பதாகும். பிறரோடு கூடி எண்ணுதலைக் குறிக்கக் 'கூடியாலோசன' என்றும், மறைவாகக் கூடிச் செய்யும் சதியைக் குறிக்கக் 'கூடாலோசன' என்றும் அம்மொழி இரு கூட்டுச்சொற்களை ஆக்கிக்கொண்டது. பின்னதன் முன்னுறுப்பு மறைவு என்னும் பொருளுடைய வடசொல். தமிழ் எழுத்தில் எழுதும்போது இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவது எழுத்து செய்யும் குறும்பு. அகராதித் தொகுப்பில் ஈடுபடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. தமிழும் இத்தேவையை உணர்ந்து கலந்தாலோசனை என்னும் தொடரை ஆக்கிற்று. கலந்து என்னும் அடை ஏன் வேண்டியதாயிற்று? ஆலோசனை என்னும் சொல் தன்னளவில் கூட்டுத்தொழிலைக் குறிக்கவில்லை என்பதனால்தான். சூழ்தலுக்கு அவ்வடை வேண்டியிருக்கவில்லை.

நாடகத்தில் கேட்டலும் கெடுதலும்

இனி நாடகத்துக்கு வருவோம். லிட்டன் 1866இல் வெளியிட்ட கதைப்பாடல் தொகுதியில் உள்ள ஒரு கதையைத் தழுவி, ஐந்து அங்கங்களும் இருபது களங்களுமாக இது அமைந்தது. பாண்டியன் சீவகன் குடிலன் சொற்கேட்டு மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை எழுப்பிக் குடியேறுகிறான். நாடகம் தொடங்குமுன்பே முதல் தவறான முடிவு எடுக்கப்பட்டாயிற்று. குலகுருவாகிய சுந்தர முனிவர் வருகிறார். கோட்டையின் வலிமையைக் காட்டிப் பெருமிதம் கொள்ளும் அரசனைக் காண்கிறார். மகள் மனோன்மணிக்குச் சேரன் புருடோத்தமனே ஏற்றவன் என்றும், தூது செல்ல நடராசன் தக்கவன் என்றும் அவர் கூறுகிறார். அரசன் மறுக்கவில்லை. முனிவர் சென்றபின் குடிலனோடு கலந்து பேசுகிறான். விளைவு, தூது செல்வது குடிலன் மகன் பலதேவன்; திருமணத்துக்கு முன்னதாக நாஞ்சில் நாட்டு உரிமை வழக்கு எழுப்பப்படுகிறது. பலதேவனின் செருக்கால் மணத்தூது போராகி, சீவகன் தோற்கிறான்.

இதில் நோக்கத்தக்கது, சீவகன் நல்லுரையையும் தீயுரையையும் எதிரெதிர் வைத்து ஒன்றைத் தேர்ந்தான் அல்லன் என்பது. அவன் முனிவரின் கருத்தை ஏற்றான். அதை நிறைவேற்றும் வழியைக் குடிலனிடம் விட்டான். 'என்ன' என்பதை ஒருவரிடமும் 'எப்படி' என்பதை மற்றொருவரிடமும் கேட்டு, இரண்டையும் தன் உள்ளத்தில் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் வேலையைச் செய்யாது விட்டான். சூழ்வோர் இருந்தனர், சூழவேண்டியவன் சூழவில்லை. இந்நாடகத்தைச் சூழ்ச்சி நாடகம் என்று கூறும் திறனாய்வாளர் இன்றைய பொருளில் குடிலனைக் குறிக்கின்றனர். பழைய பொருளில் அது சூழ்ச்சியின்மையின் நாடகம், குற்றவாளி அரசனே.

முனிவரும் முற்றிலும் குற்றமற்றவராக எனக்குத் தோன்றவில்லை. அமைச்சு அதிகாரத்தில் வள்ளுவர் அமைச்சனை 'உழையிருந்தான்' என்கிறார். உழை என்றால் பக்கம். அரசன் தானும் அறியாது, அறிந்து சொல்வாரையும் மதியாதபோதும் உறுதியானவற்றை எடுத்துரைப்பது பக்கத்திருப்பவன் கடமை என்பது அங்குள்ள விதி. சுந்தர முனிவர் பக்கத்தில் இருப்பதில்லை, வந்து போகிறார். இடித்துரைக்க வேண்டிய இடத்தில் அவர் மண்ணைத் தோண்டுகிறார். வழிபாட்டுக்கென அரண்மனையில் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, தம் ஆசிரமத்திலிருந்து அவ்வறைக்குச் சுருங்கை அமைக்கிறார். அரசனுக்கு அது தெரியாது. அவையில் வெளிப்படையாகப் பேசுபவன் கேடு நினைக்கும் குடிலன். நிலத்தடியில் மறைவாகச் செயற்படுபவர் நலம் நினைக்கும் முனிவர். இன்றைய சொல்லாட்சியின்படி பார்த்தால் சூழ்ச்சி செய்பவர் முனிவர்தான்! ஆசிரியர் இம்முரணை அறிந்தே அமைத்தார் என்பதற்கு முடிவுக் காட்சி போதும்: குடிலன் அச்சுருங்கையைக் கண்டு, அதன் வழியே சென்று அரசனைச் சேரனுக்குக் காட்டிக்கொடுக்க முயல்கிறான், சேரன் அவனையே சிறைப்படுத்தி அவ்வழியே வந்து மனோன்மணியின் மாலையைப் பெறுகிறான்.

உண்மையில் இடித்துரைக்கும் பாத்திரம் நாராயணன். அவன் எச்சரிக்கும் முறை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சோதனை. மூக்கில் கரியைப் பூசிக்கொண்டு அவன் அரசன்முன் வருகிறான். புறத்தே குன்றிமணியின் செந்நிறமும் அகத்தே அதன் மூக்கின் கருமையும் உடையவர் உலகில் உண்டு என்னும் குறளை நினைவூட்டிக் குடிலனைச் சுட்டுவதே அவன் நோக்கம். அரசனுக்கு அக்குறிப்பு உறைக்கவில்லை. நகைச்சுவையாக வரும் இக்களம் நாடகத்தின் மையக் கருத்தைத் தாங்குவது என்பேன். அறிவுரை கூறப்பட்டது, கூறியவன் அன்புடையவன், கூறிய சான்று மறுக்கமுடியாதது. ஆனால் மேற்கோளாக வந்த அறிவுரை, மேற்கோளை அறியாதவனிடம் கரியாகவே நின்றுவிட்டது. குறளைப் பெற்றிராத மொழியில் இக்களத்தைப் பெயர்ப்பவர் விளக்கம் சேர்த்தால், அவையோர் அரசனைவிட முன்னதாகவே புரிந்துகொள்வர். சேர்க்காவிடில் அரசனோடு சேர்ந்து அவர்களும் புரியாதிருப்பர். இரண்டாவதே நாடகத்துக்கு நேர்மையானது; எனினும் மேடையில் அதற்குத் துணிவோர் அரியர்.

இன்னொன்று. நாடகத்தின் நடுவிலுள்ள முடிவு ஒரு பெண்ணின் மணம் பற்றியது. திருவனந்தபுரத்து வழக்கில் ஆலோசனை என்பது அறிவுரைக்கும் மணப்பேச்சுக்கும் ஒரே சொல்லாதலின், இந்நாடகத்தை 'ஒரு பெண்ணைப் பற்றிய ஆலோசனை' என்று கூறினால் இரு பொருளும் பொருந்தும். ஆனால் அவ்வாலோசனையில் கலந்துகொள்ளாதவள் அவள் ஒருத்தியே. புருடோத்தமனைக் கனவில் கண்டவள் அவள்; அதை அவை அறியவில்லை. போரில் தோற்று நெருக்குண்ட தந்தை பலதேவனுக்கு அவளைக் கொடுக்கத் துணியும்போது அவள் தந்தையின் பொருட்டு இசைகிறாள். இசைவு கேட்பது ஆலோசனை கேட்பதாகாது. தோழி வாணியின் நிலையும் இதுவே. அவள் நடராசனை விரும்பத் தந்தை சகடன் பலதேவனுக்குக் கொடுக்க முனைகிறான். பெண்ணுரிமை பற்றிய நூல் இது எனக் கூற வரவில்லை. 1891ஆம் ஆண்டு நாடகத்தின்மேல் இன்றைய கோட்பாட்டை ஏற்றுவதில் பயனில்லை. யாரைக் கேட்கவேண்டும் என்னும் வினாவை அதன் கடைசி எல்லைவரை ஆசிரியர் கொண்டு சென்றார் என்பதே சொல்லத்தக்கது.

குடிலனும் கௌடல்யனும்

குடிலன் என்னும் பெயருக்கு வளைந்தவன் என்று பொருள். கௌடில்யன் என்னும் பெயரின் எதிரொலியை இதில் கேளாதவர் இரார். ஆனால் சுந்தரம் பிள்ளை மறைந்தபின்பே அர்த்தசாஸ்திரம் அச்சேறிற்று, மைசூரில் இரா. சாமசாஸ்திரி அதை 1909இல் வெளியிட்டார். எனவே அந்நூலைப் படித்துக் குடிலன் படைக்கப்படவில்லை. வழிவழி வந்த பெயர்ச் சாயலே பயன்பட்டிருக்கலாம்.

பின்னர் நிகழ்ந்தது சுவையானது. 1924-25இல் அதே திருவனந்தபுரத்தில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து வடமொழிச் சுவடிப் பதிப்பில் புகழ்பெற்ற த. கணபதி சாஸ்திரி, அர்த்தசாஸ்திரத்தைத் தம் ஸ்ரீமூலா உரையுடன் பதிப்பித்தார். பழைய மலையாள உரையையும் அவர் துணைக்கொண்டார். ஆசிரியர் பெயர் குடிலத்திலிருந்து வந்ததன்று, குடலம் என்னும் கோத்திரப் பெயரிலிருந்து வந்தது. ஆகவே கௌடல்யர் என்பதே சரியான வடிவம் என்று அவர் வாதிட்டார். ஒரே நகரில் ஒரு தலைமுறை இடைவெளியில், ஒருவர் அமைச்சனுக்கு வளைவைப் பெயராகச் சூட்டினார்; மற்றொருவர் அமைச்சியல் ஆசிரியரின் பெயரிலிருந்து வளைவை நீக்கினார். ஓர் உயிரெழுத்து மாற்றம்தான். ஆனால் ஆலோசனை என்னும் தொழிலே வஞ்சகம் கலந்ததா, தூயதா என்னும் வழக்கு அதில் அடங்கியிருக்கிறது.

அந்நூலின் முதல் அதிகரணத்தில் மந்திராலோசனை பற்றிய இயல் சீவகனுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. மூவர் அல்லது நால்வரோடு கலந்தெண்ணுக என்பது அதன் விதி. ஒருவனை மட்டும் கேட்டால் சிக்கலான செயல்களில் முடிவு காண இயலாது. அவ்வொருவன் தடையின்றித் தன் விருப்பப்படி நடப்பான். இருவரைக் கேட்டால் அவர்கள் ஒன்றுபட்டு அரசனை அடக்குவர், வேறுபட்டால் அழிப்பர். எவரையும் இகழாது எல்லார் கருத்தையும் கேட்கவேண்டும் என்றும், சிறுவன் சொல்லாயினும் பொருளுடையதெனில் கொள்ளவேண்டும் என்றும் அது மேலும் கூறும். தொடங்கும் வழி, ஆளும் பொருளும், இடமும் காலமும், இடையூறு நீக்கம், நிறைவு என ஆலோசனைக்கு ஐந்து உறுப்புகளை அது வகுக்கிறது. வள்ளுவரும் வினைசெயல்வகையில் பொருள், கருவி, காலம், வினை, இடம் என ஐந்தை எண்ணுகிறார். வகைமுறை வேறு, ஆயினும் இருவரும் ஆலோசனையை எண்ணிக்கைக்கு உட்படுத்த முயன்றனர். நல்லவனைக் கேள் என்று சொல்லி அவர்கள் நிறுத்திவிடவில்லை. எத்தனை பேரை, எவ்வெப்பொருள் பற்றி என்றும் கேட்டனர். சீவகனின் அவையில் எண்ணிக்கை ஒன்று.

நாடகத்துக்கு வெளியேயும் இந்நகரம் அதைக் கண்டதுண்டு. இளவயதில் அரியணை ஏறிய பாலராம வர்மர் (1798-1810) காலத்தில் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி முதலான மூவர் அரசரைச் சூழ்ந்துகொண்டு வரிப்பளு ஏற்ற, 1799இல் தலக்குளம் வேலுத்தம்பி நாஞ்சில் நாட்டு மக்களோடு திருவனந்தபுரம் வந்து அவர்களை அகற்றச் செய்தார். திருவிதாங்கூர் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர் சுந்தரம் பிள்ளை. நாடகத்தில் அந்நிகழ்வின் நிழல் உண்டு என்று நான் கூறவில்லை. 'சூழ்ந்துகொண்டு' என்று மேலே எழுதும்போது அவ்வினை தானே முன்வந்தது என்பதை மட்டும் சுட்டலாம்.

பெயர்ப்பில் எஞ்சுவன

இன்றைய கலைச்சொற்களில் சூழ்தலின் இடம் பல கூறாகப் பிரிந்து கிடக்கிறது. அறிவுரை மேலிருந்து கீழே வருவது. ஆலோசனை பக்கத்திலிருந்து வருவது. ஆனால் ஏற்பவன் செயலை அது சொல்லாது. கலந்தாய்வு என்னும் நல்ல ஆக்கம் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கைக்குப் பெயராகிவிட்டது. 2018 முதல் அது இணையவழி நடைபெறுவதால், மாணவர் எவரோடும் கலவாமல் திரைமுன் தனியே இருந்து இடம் தெரிவு செய்வதும் கலந்தாய்வே ஆகிறது. சொல்லைக் குறைகூறிப் பயனில்லை, நடைமுறை சொல்லை விட்டு விலகிச் சென்றது.

இலங்கைத் தமிழில் நிலை சற்று வேறு. அங்கு மனநலம் சார்ந்த ஆலோசனைப் பணியை உளவளத்துணை என்பர், அப்பணியாளர் உளவளத்துணையாளர். நூலின் இறுதியில் தரும் நூற்பட்டியலை உசாத்துணை என்பர். உசாவுதல் கேட்டு ஆராய்தல். இரண்டிலும் துணை என்னும் சொல் நின்று, கேட்பவனே வினைமுதல், கேட்கப்படுவது உடன்வருவது என்னும் உறவைக் காக்கிறது. குறளின் அதிகாரத் தலைப்புக்கு மிக அண்மையில் நிற்கும் தற்கால வழக்கு இதுவே. தமிழ்நாட்டுக் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் ஈழத்துச் சொற்களைப் பட்டியலின் ஓரத்தில் வட்டார வழக்கு என்று குறித்துவிட்டுச் செல்லும் பழக்கத்தை விடுதல் வேண்டும்.

இடித்தல் என்னும் சொல்லும் ஒரு சொல் பெறும் உரிமை உடையது. துணைக்கோடல் அதிகாரம் இடித்துரைப்பாரையே சிறந்த துணையாகக் கூறும். அவரைப் பெறாத அரசன் கெடுப்பார் இல்லாமலும் கெடுவான் என்னும். இடியின் ஓசையும் உலக்கையின் மோதலும் ஒருங்கே கேட்கும் சொல் அது. ஆங்கிலத்தில் இட்ட கண்டித்தல், கடிந்துகொள்ளுதல் என்னும் பொருட்சொற்களில் மேலதிகாரியின் குரல் கேட்கிறது. மூலத்திலோ இடிப்பவன் அரசனுக்குக் கீழ்ப்பட்டவன். மலையாளம் இடித்தலை வைத்திருக்கிறது, ஆனால் குத்துதல், மோதுதல் என்னும் பொருளில். இனச்சொல் இருக்கிறதே என்று அதையே இட்டால், அரசன் தன்னைக் குத்தும் நண்பர்களைத் தேடவேண்டும் என்றாகிவிடும். உறவுமொழிகளுக்கிடையே பெயர்ப்பது எளிது என்பார் இவ்வொரு வினையைப் பெயர்த்துக் காட்டட்டும்.

மனோன்மணீயத்தை மலையாளத்தில் பெயர்ப்போர்க்கு ஒரு செய்முறைக் கருத்து. குடிலனின் அவைப் பேச்சுகளைச் சுற்றிவரும் இடங்களில் கூடாலோசன என்னும் சொல்லைத் தொடக்கத்திலேயே இட்டுவிடலாகாது. அரசனும் அவையும் அங்கே கேட்பது வெறும் ஆலோசனை. தீர்ப்பை முன்னரே கூறும் சொல் அரசனை அறிவிலியாக்கிவிடும், அவன் தவற்றின் கனமும் குறைந்துவிடும். மறைவைக் குறிக்கும் அடை குடிலனின் தனிமொழிகளுக்கு உரியது. முனிவரின் சுருங்கை இதனினும் சிக்கலானது. மறைவு அங்கே உண்டு, தீமை இல்லை. மலையாள அடைமொழியோ இரண்டையும் பிரிக்கவொட்டாது. அங்கு மட்டும் தமிழிலிருந்தே ஒரு சொல்லைக் கடன் கொள்ளலாம். லிட்டன் தம் கதைக்கு இட்ட பெயர் 'மறைவழி' என்று பொருள்படுவது. மறை என்பது இரு மொழியிலும் மறைபொருளையும் வேதத்தையும் ஒருங்கே குறிக்கும்.